புதுவையில் கட்டிலருகே கற்ற பாடம்

விழுப்புரத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1879ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவு. கரும்புத் தோட்டங்களையும் நெல்வயல்களையும் கடந்து சென்றால் புதுவை வந்துவிடும். சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலி முடிந்த பின், நாங்கள் கணவனும் மனைவியுமாக அவ்வண்டியில் ஏறினோம்.

புதுவைக்குச் செல்வோர் பல திறத்தினர். கடற்கரையைக் காணச் செல்வோர் உண்டு. ஆலயங்களைத் தரிசிக்கச் செல்வோர் உண்டு. நோய் தீர்த்துக்கொள்ளச் செல்வோரும் மிகப் பலர். நாங்கள் சென்றதோ ஒரு கடனைத் தீர்ப்பதற்காக. எம் பெரியன்னையின் மகள், எங்களுக்கு அக்கா, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றுப் புதுவையில் வாழ்கிறார். இரண்டாண்டுகளுக்கு முன் அவரோடு தொலைபேசியில் கடுஞ்சொல் பேசினோம். அதன்பின் போக்குவரத்து அற்றுப்போயிற்று. தவறு யாருடையது என்பதை நாங்கள் அறிந்துகொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

நிலையத்து வாயிலில் குடையோடு நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "வா தம்பி, அம்மா நடக்கிறார்களா?" என்பதே.

"கோலூன்றி நடக்கிறார்கள், அக்கா. நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறார்கள்" என்றோம். அவர் வேறெதுவும் பேசவில்லை. எம் மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

கப்ஸ் கோயிலும் குளூனி மடமும்

நிலையத்திற்கு அருகிலேயே திரு இருதய ஆலயம். 1907இல் நிறைவுற்ற அந்தக் கோதிக் பாணிக் கோயில் 2011இல் பசிலிக்கா என்னும் நிலைக்கு உயர்த்தப்பட்டது. அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின் அடியில் சற்று முழந்தாளிட்டு எழுந்து, கிழக்கு நோக்கிக் கடலை அடைந்தோம். கடலோரத்தை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. மஞ்சள் பூசிய மதில்கள், அவற்றின்மேல் சாய்ந்த காகிதப்பூக் கொடிகள், செந்நிறத் தொப்பியணிந்த காவலர் ஆகியவற்றைப் பார்த்தவண்ணம் தூய்மா தெருவில் நடந்தோம். 1855இல் கட்டப்பெற்ற சம்மனசுகளின் அன்னை ஆலயம் அங்கே இருக்கிறது. கப்புச்சின் சபைக் குருக்களின் நினைவாக உள்ளூர் மக்கள் இன்றும் அதனைக் கப்ஸ் கோயில் என்றே அழைக்கின்றனர்.

அடுத்திருக்கும் ரோமன் ரோலன் தெருவில் குளூனி கன்னியர் மடத்தின் பூத்தையல் கூடம் உள்ளது. தூய சூசையப்பர் குளூனி சபையை 1807இல் பிரான்சில் நிறுவியவர் அன்னை அன்னம்மரி ஜவுகே. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகள் பலவற்றிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிந்த அச்சபைச் சகோதரிகள் 1827இல் புதுவைக்கு வந்தனர். அக்காலத்தில் நோயாளரைத் தொட்டுக் கழுவித் துடைக்கும் பணியைக் குலப்பெண்கள் செய்யலாகாது என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தை மெல்ல மெல்லக் கரைத்தவர்களுள் இத்தகைய சகோதரிகளும் உண்டு. எங்கள் அக்கா செவிலியராகச் சேர்ந்தபோது உறவினர் பலர் முகஞ்சுளித்தனர் என்பதை எம் அன்னையார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

"இந்தப் பூத்தையலைப் பார்த்தால் எனக்குக் கற்பித்த சிஸ்டரின் நினைவு வரும்" என்றார் அக்கா. "நூறு தையல் ஒழுங்காக இருந்து ஒன்று பிசகினாலும் துணி சொல்லிவிடும் என்பார். நோயாளி சொல்லமாட்டார், ஆகவே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார்."

ஆயி மண்டபத்து நீர்

மாலையில் பாரதி பூங்காவில் அமர்ந்தோம். பூங்காவின் நடுவே வெண்ணிறத் தூண்களோடு நிற்பது ஆயி மண்டபம். புதுவை அரசின் சின்னத்திலும் அதுவே இடம்பெற்றுள்ளது. மன்னர் ஒருவர், ஒளி நிறைந்த மாளிகை ஒன்றைக் கோயில் என்று எண்ணித் தொலைவிலிருந்து கும்பிட்டார்; அது ஆயி என்னும் கணிகையின் இல்லம் என்றறிந்து சினந்து, அதை இடிக்க ஆணையிட்டார்; ஆயியோ தன் கையாலேயே அதை இடித்து, அவ்விடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது மக்கள் வழங்கும் கதை. பிற்காலத்தில் முத்திரப்பாளையத்து நல்ல நீர் நகருக்குள் கொண்டுவரப்பட்டபோது, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் அவள் பெயரால் இம்மண்டபம் எழுந்தது.

பூங்காவை நோக்கியபடியே அரசு பொது மருத்துவமனை நிற்கிறது. தூக்குப் பாத்திரங்களோடும் வெந்நீர்க் குடுவைகளோடும் உறவினர் உள்ளே செல்வதும் வெளியே வருவதுமாக இருந்தனர்.

"நீருக்கு எடுத்த நினைவுச் சின்னமும் மருத்துவமனையும் எதிரெதிரே இருப்பது எவ்வளவு பொருத்தம், பார்!" என்றார் அக்கா. "எங்கள் தொழிலின் அரிச்சுவடியே கைகழுவுவதுதான்."

அதன்பின் அவர் விளக்கியதை வாசகர்களுக்குச் சுருக்கி உரைக்கிறோம். 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் ஒரு புதிரைக் கண்டார். அங்கே இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பணிபுரிந்த பிரிவில் தாய்மார் மிகுதியாக மாண்டனர். மருத்துவச்சியர் பணிபுரிந்த பிரிவில் அவ்வளவு சாவு இல்லை. மாணவர்கள் பிணப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேரே மகப்பேற்று அறைக்கு வந்தனர். அவர்கள் கைகளில் வந்த நச்சே காரணம் என்று முடிவுசெய்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவுமாறு அவர் கட்டளையிட்டார். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும், 'மருத்துவரின் கை அழுக்கானதா?' என்று சினந்த உலகம் அவரை ஏற்கவில்லை. 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் உயிர் நீத்தார்.

கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் போற்றும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1854இல் கிரீமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே போர்ப் புண்ணால் மாண்டவரைவிட நோயால் மாண்டவரே அதிகம். அடுத்த ஆண்டு சாக்கடைகள் செப்பனிடப்பட்டுக் காற்றும் தூய நீரும் வந்தபின் சாவு விகிதம் சரிந்தது. விளக்கு நமக்கு நினைவிருக்கிறது. சாக்கடையை நாம் மறந்துவிட்டோம்!

செவிலியர் கைகளைத் தூய்மை செய்யவேண்டிய ஐந்து வேளைகளை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட நெறிமுறையில் வகுத்துள்ளது: நோயாளியைத் தொடுமுன், ஊசி, கட்டு முதலிய தூய பணிகளைத் தொடங்குமுன், இரத்தம், சிறுநீர் போன்றவை பட நேர்ந்தபின், நோயாளியைத் தொட்டபின், அவர்தம் கட்டிலையும் பொருள்களையும் தொட்டபின். சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதாயின் நாற்பது முதல் அறுபது வினாடி. சாராயக் கரைசல் தேய்ப்பதாயின் இருபது முதல் முப்பது வினாடி.

"உறவினருக்கும் இது பொருந்துமா?" என்று எம் மனைவி வினவினார்.

"உங்களுக்குத்தான் முதலில்! பேருந்துக் கம்பியைப் பிடித்த கையோடு வந்து, அறுவைப் புண்ணின் கட்டைத் தொட்டுப் பார்ப்பவர் யார்? நாங்களா, நீங்களா?" என்று நகைத்தார் அக்கா.

நான்கு ஆரோக்கியமேரிகள்

இரவு உணவின்போது அக்கா தம் பணிக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறினார். ஒரு பிரிவில் ஒரே வாரத்தில் நான்கு ஆரோக்கியமேரிகள் படுத்திருந்தனராம். செப்டம்பர் மாதம் பிறந்த பெண்மக்களுக்கெல்லாம் வேளாங்கண்ணி அன்னையின் பெயரை இட்டு மகிழும் நம் குடும்பங்களில் இது வியப்பன்று. "ஆரோக்கியமேரி தானே?" என்று கேட்டால் நால்வரும் "ஆம்" என்பர். காது கேளாத மூதாட்டியோ எதைக் கேட்டாலும் தலையசைப்பார். ஆகவேதான் செவிலியர், "உங்கள் பெயர் என்ன?" என்று நோயாளியின் வாயாலேயே சொல்லச் செய்து, பிறந்த தேதியையோ மருத்துவமனை எண்ணையோ சேர்த்து ஒப்பிட வேண்டும் என்பது விதி. 'பத்து முறை வந்தவள் பதினோராம் முறையும் பெயர் கேட்கிறாளே' என்று நாம் சலித்துக்கொள்வது நம் அறியாமை.

மருந்து கொடுப்பதிலும் ஐந்து சரிகள் உண்டு: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். வழி என்பது வாய்வழியா, ஊசிவழியா, நரம்பு வழியா என்பது. வாயால் விழுங்கவேண்டிய மருந்து நரம்பில் ஏறினால் உயிருக்கே இறுதி. நாட்டு மருந்தாயினும் சரி, சர்க்கரை நோய்க்கு வீட்டில் உண்ணும் மாத்திரையாயினும் சரி, அதை ஒளிக்காமல் சொல்வதும், எந்த மருந்து தமக்கு ஒவ்வாது என்பதைக் கேளாமலே சொல்வதும் நம் கடமைகள்.

அறுவை அறையிலும் இத்தகைய ஒழுங்கே உயிர் காக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்குமுன் ஒருமுறை, கத்தி வைக்குமுன் ஒருமுறை, நோயாளி அறையை விட்டு நீங்குமுன் ஒருமுறை என மூன்று தடவை அனைவரும் நின்று, நோயாளி யார், எந்த உறுப்பு, எந்தப் பக்கம், பஞ்சும் கருவியும் எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புது தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, நூற்றுக்கு ஒன்றரையாக இருந்த சாவு ஒன்றுக்கும் கீழே குறைந்ததென 2009இல் முடிவு வெளியாயிற்று. புதிய இயந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை. ஒரு தாளும் சற்று நின்று பேசும் பொறுமையும் மட்டுமே வந்தன.

ஒரு காப்பியும் ஒரு பொய்யும்

அப்போதுதான் நாங்கள் எங்கள் கடனை இறக்கி வைத்தோம். 

இரண்டாண்டுகளுக்கு முன் எழுபத்தாறு வயதான எம் அன்னையார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் காலை அறுவை என்று முடிவாயிற்று. "நள்ளிரவுக்குப் பின் எதுவும் கொடுக்காதீர்கள்" என்று செவிலியர் இருமுறை கூறிச் சென்றார். விடியற்காலை ஐந்து மணிக்கு அன்னையார் கண் விழித்தார். நா வறண்டிருந்தது. 'வயதான உடம்பு, வெறும் வயிற்றோடு கத்தியைத் தாங்குமா?' என்று எண்ணிக் குடுவையிலிருந்து பால் காப்பியை ஊற்றி, இரண்டு பிஸ்கோத்துகளையும் தொட்டுக் கொடுத்தோம்.

ஏழு மணிக்குச் செவிலியர் வந்து, "ஏதேனும் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்றோம். ஆயின் அன்னையார் வாழ்நாளில் பொய் பேசியறியாதவர். "என் மகன் காப்பி கொடுத்தானம்மா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அறுவை ஒருநாள் தள்ளிப்போயிற்று. நாங்கள் செவிலியர் மீது பாய்ந்தோம். அக்காவைத் தொலைபேசியில் அழைத்து முறையிட்டோம். அவர் எங்கள் பக்கம் பேசவில்லை. "அந்தப் பெண் உன் தாயைக் காப்பாற்றினாள்; நீ கொல்லப் பார்த்தாய்" என்றார். நாங்களும் சொல்லத் தகாததைச் சொல்லித் தொடர்பை அறுத்தோம்.

மயக்க மருந்தின்போது விழுங்குதலையும் இருமுதலையும் காக்கும் ஆற்றல் உடலை விட்டு அகன்றுவிடுகிறது. இரைப்பையில் உணவு இருப்பின் அது மேலேறி மூச்சுக் குழலில் இறங்கி நுரையீரலை அடைக்கும். பால் கலந்த காப்பி குடிநீரைப் போன்றதன்று. உணவைப் போலவே அது வயிற்றில் தங்கும். ஆதலின் உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. தெளிந்த நீரை இரண்டு மணி நேரத்திற்கு முன்வரை மயக்கவியல் மருத்துவர் அனுமதிப்பதுண்டு. அதை முடிவு செய்பவர் அவரே, நாம் அல்லர். இவையனைத்தையும் பிற்பாடு எங்கள் ஊர் மருத்துவர் ஒருவர் படம் வரைந்து விளக்கியபோது எங்கள் நாவே வறண்டுவிட்டது. அன்று அன்னையார் வாய்மை பேசாதிருந்தால், எங்கள் அன்பே அவருக்கு நஞ்சாகியிருக்கும். பிழைத்தாரெனினும், தள்ளிப்போன அந்த ஓர் இரவு முழுவதும் முறிந்த எலும்போடு அவர் முனகியது எங்கள் செயலால் விளைந்ததே.

அக்கா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "நானும் அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம், தம்பி. ஏன் என்று விளக்கியிருக்க வேண்டும். 'கொடுக்காதே' என்று மட்டும் சொல்லி, காரணம் சொல்லாமல் போவது எங்கள் பக்கத்துக் குறை" என்றார். இருவர் கண்களும் கலங்கின. எம் மனைவி எழுந்து சென்று தட்டுகளைக் கழுவத் தொடங்கினார்.

அறுவைக்குப் பின்னும் எங்கள் அறியாமை தொடர்ந்ததை அக்காவிடம் மறைக்கவில்லை. இரவில் இரண்டு மணிக்கொருமுறை செவிலியர் வந்து அன்னையாரைப் புரட்டியபோது, 'தூங்க விடமாட்டார்களா?' என்று முணுமுணுத்தோம். ஒரே பக்கம் கிடப்பவரின் எலும்பு மேடுகளில், சிறப்பாக இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும், இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் அழுகிப் படுக்கைப்புண் உண்டாகும். முதலில் தோன்றுவது ஒரு சிவப்பு மட்டுமே. விரலால் அழுத்தினாலும் அச்சிவப்பு வெளுக்கவில்லையெனில் அதுவே எச்சரிக்கை. மறுநாளே எழுப்பி உட்கார வைத்ததும், ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொன்னதும் கொடுமையல்ல. நுரையீரலில் சளி தேங்காமலும், காலின் இரத்தக் குழாயில் கட்டி உறையாமலும் காக்கும் வழி. வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட நாங்கள் முனைந்தோம். அங்கே உறைகட்டி இருந்து அது பெயர்ந்தால் நுரையீரலை அடைத்துவிடும் என்று தடுத்தவரும் ஒரு செவிலியரே. சிறுநீர்ப் பையை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்ததும் நாங்கள்தாம். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழேயே தொங்க வேண்டும்; இல்லையேல் கழிவு திரும்பிச் சென்று தொற்று உண்டாகும்.

கோரிமேட்டில் ஒரு காலை

திங்கட்கிழமை விடிந்ததும் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு அக்கா எங்களை அழைத்துச் சென்றார். பிரெஞ்சு ஆட்சியினர் 1823இல் புதுவையில் நிறுவிய மருத்துவப் பள்ளியே அதன் மூலவேர். 1954 நவம்பர் முதல் நாள் புதுவை இந்தியாவோடு இணைந்தபின் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1964இல் சவகர்லால் நேருவின் பெயர் தாங்கிய பட்டமேற்படிப்பு நிலையமாக உயர்ந்தது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியச் சிறப்பு வாய்ந்த நிறுவனம் என்னும் தகுதி பெற்றது. செவிலியர் கல்லூரி 2006இல் தொடங்கிற்று.

கதிரவன் எழுமுன்பே புறநோயாளர் கூட்டம் வரிசையாகி இருந்தது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து இரவே புறப்பட்டு வந்தவர்கள். மரத்தடியில் பாய் விரித்து, மடியில் சீட்டுகளைப் பத்திரப்படுத்தியபடி காத்திருந்தனர். வெள்ளுடை அணிந்த மாணவியர் இருவர் மூவராய் விரைந்து சென்றனர்.

"இந்தப் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்," என்றார் அக்கா. "இயந்திரம் காட்டும் எண்ணைப் பார், ஆனால் முகத்தையும் பார். மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ணு. வளர்ந்தவர் ஒருவர் ஓய்வில் நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுவார். நாடியும் காய்ச்சலும் கெடுமுன் பல வேளைகளில் மூச்சே முதலில் கெடும். அதைத்தான் பலரும் ஊகித்து எழுதிவிடுகிறார்கள்." சற்று நின்று மேலும் சொன்னார்: "பணி முடிந்து போகுமுன் அடுத்தவளிடம் கட்டிலருகே நின்று சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் விட்ட ஒரு சொல்லில்தான் பல தீங்குகள் புகுகின்றன."

மருத்துவமனையில் சேரும் நோயாளர் பத்துப் பேரில் ஒருவருக்குச் சிகிச்சையின் போக்கிலேயே ஏதேனும் ஒரு தீங்கு நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2019 முதல் செப்டம்பர் 17ஆம் நாள் நோயாளர் பாதுகாப்பு நாளாக உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. இத்தீங்குகளைத் தவிர்ப்பதில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் பெரும் பங்கு உண்டு. கட்டிலருகே அமர்ந்திருக்கும் நமக்கும் ஒரு பங்கு உண்டு. செவிலியர் கேட்கும் கேள்விக்கு உண்மையான விடை கூறுவது அப்பங்கில் முதலாவது. சொன்னது விளங்காவிடில் ஏன் என்று பணிவோடு கேட்பது இரண்டாவது. கேட்பதற்கு நாணி, நம் மனம் போனபடி செய்வதைவிடக் கேட்டுச் சிறிது ஏச்சு வாங்குவது மேல்.

நண்பகல் வண்டிக்கு நிலையம் வந்தோம். வண்டி நகருமுன் அக்கா சன்னலருகே வந்து, "அந்தக் குளியலறையில் இப்போது கைப்பிடி வைத்திருக்கிறாயா? தரை ஈரமாகத்தான் கிடக்கிறதா? இரவில் விளக்கு எரிகிறதா?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். இரண்டாண்டுகளில் நாங்கள் செய்யாதவை அவை. பொய் சொல்ல வாயெழவில்லை. "இல்லை, அக்கா" என்றோம்.

மறுநாட் காலையிலேயே கொத்தனாரை அழைத்து, சுவரில் அன்னையாரின் கையெட்டும் உயரத்தில் இரும்புக் கைப்பிடி பதித்தோம். அன்று மாலை அதைப் பற்றிக்கொண்டு உள்ளே சென்று வந்த அன்னையார், "இதைச் சொன்னது உன் அக்காதானே?" என்றார்.